யாரும் சாவல, எக்ஸர்சைஸ்!

1

இன்று காலை கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் தன் வீட்டு மச்சை நாலு இடி இடித்தாள். அவளுக்கு மச்சு, எங்களுக்குத் தரை. அந்தத் தரையில்தான் நான் பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஸ்கிப்பிங் கயிறு சுற்றிக்கொண்டிருந்தேன். உடனே நிறுத்திவிட்டுச் சத்தம் போடாத பயிற்சிக்கு மாறினேன். இந்த ஊரில் இது ஒரு வசதி. எரிச்சல் வந்தால் இடிப்பார்கள். இன்னும் எரிச்சல் வந்தால் 'அன்புள்ள அண்டை வீட்டாருக்கு' என்று ஆரம்பித்து ஒரு காகிதம் எழுதிக் கதவிடுக்கில் செருகுவார்கள். நான் குதிப்பதையோ ஓடுவதையோ பார்த்து 'யார் செத்தது?' என்று இவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்படிக் கேட்கிற ஊர் எது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வட இங்கிலாந்தில், வருஷத்தில் முக்கால்வாசி நாள் தூறிக்கொண்டே இருக்கும் ஓர் ஊரில் நான் பஸ் ஓட்டுகிறேன். சொந்த ஊர் உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம். அங்கே எனக்கு 'லண்டன்காரன்' என்று பெயர். லண்டனுக்கும் எனக்கும் உள்ள உறவு, உங்களுக்கும் தில்லிக்கும் உள்ள உறவுதான். மிஷன் ஆஸ்பத்திரி ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவனை ஒரு வெள்ளைக்கார டாக்டர் சிபாரிசு செய்து இங்கே கொண்டுவந்து சேர்த்தார். வந்த நாளாக ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்தே இருந்தால் என்ன ஆகும் என்பது போன வருஷம் தெரிந்தது. டிப்போ கேன்டீனில் வறுத்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்தினார்கள்.

பிழைத்துக்கொண்டேன். ஆனால் லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் இருதயம் தொடர்பாக எங்களுக்குக் கிடைத்துள்ள தகவலின்படி' என்று அது தொடங்கியது. என் இருதயத்தைப் பற்றி என் மனைவிக்கே இதுவரை எந்தத் தகவலும் கிடைத்ததில்லை. முடிவு தெரியும்வரை நான் பஸ்ஸைத் தொடக்கூடாது என்று கடிதம் மிகவும் பணிவாகச் சொன்னது. இவர்கள் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் 'தயவுசெய்து' போட்டுத்தான் அறுப்பார்கள்.

டாக்டர் சின்னப் பையன். மாதம் முழுவதற்குமான வீட்டுப் பயிற்சித் திட்டம் ஒன்றை அச்சடித்த தாளாக எடுத்து நீட்டினார். சில நாள் தசைக்கு, சில நாள் இருதயத்துக்கு, நடுவில் ஓய்வு. தசை நாளில் உட்கார்ந்து எழ வேண்டும், தரையில் கையூன்றித் தண்டால் எடுக்க வேண்டும், கனம் தூக்க வேண்டும். இருதய நாளில் கயிறு தாண்ட வேண்டும், மூச்சு வாங்க ஓட வேண்டும். மாதக் கடைசியில் ஓடுகிற பட்டையின் மேல் என்னை ஏற்றிப் பரீட்சை வைப்பார்கள். தேறினால் பஸ். தேறாவிட்டால் டிப்போவில் ஒரு மூலை அறை, பயணிகள் மறந்துவிட்டுப்போன குடைகளுக்குக் காவல்.

குடைக்குக் காவலிருக்க நான் கடல் தாண்டி வரவில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் காலால் நடந்தவர்கள், அதிலும் அடுத்தவர் வேலைக்காக நடந்தவர்கள். ஒரு வண்டியில் முன்னால் உட்கார்ந்து, பின்னால் ஒரு பஸ் நிறைய வெள்ளைக்காரர்களை உட்காரவைத்து ஓட்டியவன் நான் ஒருவன்தான். அது போய்விடும் என்று நினைத்தபோது நெஞ்சு வலியைவிட அதிகமாக வலித்தது. அதனால் அந்தத் தாளை வேதமாகப் பிடித்துக்கொண்டேன்.

2

சிக்கல் என்னவென்றால், அந்த மாதம் நான் ஊரில் இருக்க வேண்டியிருந்தது. அப்பா இறந்து ஒரு வருஷம். முதல் வருஷக் கருமம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவருக்கோ ஏகப்பட்ட சந்தோஷம். "இந்தியக் கிராமமா? சுத்தமான காற்று! திறந்த வெளி! இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?" என்றார். அவர் இந்தியாவைக் காலண்டரில் பார்த்தவர்.

என் மகள் லதாவும் கூட வந்தாள். பன்னிரண்டு வயது. பயிற்சித் தாளுக்கு அவள்தான் போலீஸ்காரி. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் நானும் அவள் அம்மாவும் சமையலறையில் பேசிக்கொள்வதுதான். அதில் 'நீ' மட்டும் உண்டு, 'நீங்க' கிடையாது. இதைப் பற்றி நான் அப்போது கவலைப்படவில்லை.

ஊரில் அண்ணன் ஏகாம்பரத்தின் வீடு. அண்ணன் நெடுஞ்சாலைத் துறையில் ரோடு வேலை பார்க்கிறவர். அரசாங்கச் சம்பளம் என்பதால் யார் வாசலிலும் நிற்கத் தேவையில்லாதவர். வீடு காலனியில் இருக்கிறது. காலனி என்பது அரசாங்கம் வைத்த பெயர். ஊர்க்காரர்கள் இன்னும் பழைய பெயரில்தான் சொல்கிறார்கள். காலனி தனி, ஊர் தனி. நடுவில் ஒரு வாய்க்கால். அந்த வாய்க்காலில் தண்ணீர் வந்து பல வருஷம் ஆகிறது. ஆனாலும் அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

முதல் நாள் தசை நாள். முற்றத்தில் ஆடு கட்டியிருந்த இடத்தை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். லதா எண்ணினாள். ஐந்தாவது தடவைக்குள் வேலியோரம் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"இன்னாபா, தோப்புக்கரணம் போட்டுக்கினு கீற? எந்தப் புள்ளையாருக்கு?"

"லண்டன்ல எதுனா தப்பு பண்ட்டியா?"

கனம் தூக்க எதுவும் கிடைக்கவில்லை. அண்ணியின் ஆட்டுக்கல் குழவியைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டினேன். அண்ணி அரிசியை ஊறவைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். "மாவாட்டறதுன்னா நானே ஆட்டிக்கிறேன் நைனா. கல்ல ஏன் அந்தரத்துல ஆட்டிக்கினு கீற?" என்றார். சொல்லும்போது சிரிக்கவில்லை. இட்லி அன்று தாமதமானது.

பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். "இதெல்லாம் எதுக்குங்க? நம்ம ஜனங்க செய்யற வயல் வேலையைவிட ஒரு தேகப்பயிற்சி உண்டா?" என்று உபதேசம் செய்தார். இப்படிச் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவராவது நாற்று நட்டவர் இல்லை. என் அம்மா முப்பது வருஷம் அந்தத் தேகப்பயிற்சியைச் செய்தாள். கடைசிக் காலத்தில் அவளால் நிமிர்ந்து ஆகாயத்தைப் பார்க்க முடியவில்லை. குழவியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று வாத்தியார் கையில் கொடுத்தேன். போய்விட்டார்.

3

இருதய நாள் வந்தது. ஓட வேண்டும். எங்கே ஓடுவது?

திறந்த வெளி என்றாரே டாக்டர், அது ஏரிக்கரை. அகலமான கரை, நல்ல காற்று, கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. விடிகாலையில் ஷூவை மாட்டிக்கொண்டு கரைமேல் ஏறி ஓடினேன். கொஞ்ச தூரத்திலேயே புரிந்துவிட்டது. காலை வேளையில் ஏரிக்கரை ஊருக்கும் காலனிக்கும் பொதுவான ஒரே ஸ்தாபனம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று எழுதாத சட்டம் வேறு. நான் ஓட ஓட, புதருக்குப் பின்னால் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். நான் தாண்டியதும் உட்கார்ந்தார்கள். திரும்பி ஓடி வரும்போது மறுபடி எழுந்தார்கள். அன்றைக்கு என்னைவிட அவர்கள்தான் அதிகமாக உட்கார்ந்து எழுந்தார்கள்.

"தே, வூட்ல பொம்பளைங்க இல்லியா? ஓடறதுக்கு வேற எடமா கெடைக்கல?" என்று ஒரு குரல் வந்தது. நியாயமான கேள்வி. மறுநாள் முதல் ஏரிக்கரை இல்லை என்று ஆனது.

வரப்பில் ஓடினால் கால் முறியும். காலனித் தெருவில் ஓடினால் நாய், கோழி, கட்டில். மிச்சம் இருந்தது தார் ரோடு ஒன்றுதான். காலனியில் தொடங்கி, ஊர்த்தெரு வழியாகப் போய், உத்திரமேரூர் போகும் பெரிய ரோட்டில் சேருகிறது. அதற்கு ஜல்லி கொட்டித் தாரை ஊற்றியதே அண்ணனும் அவர் கூட்டாளிகளும்தான். அண்ணன் போட்ட ரோட்டில் தம்பி ஓடக்கூடாதா என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த அசட்டுத்தனம்.

அரைக்கால் சட்டை, வெள்ளைக் கான்வாஸ் ஷூ, தலையில் வியர்வைக்கு ஒரு துண்டு. வாய்க்காலைத் தாண்டி ஊர்த்தெருவுக்குள் ஓடினேன். கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும் மாவுக் கிண்ணத்தைத் தவறவிட்டாள். "ஐயோ, யாரு?" என்றாள். அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. "யாரு பூட்டாங்க?" எதிர்வீட்டுக்காரர் பல் குச்சியோடு நடுத்தெருவுக்கே வந்துவிட்டார். "டேய், நில்லுடா! எந்த ஊரு சேதி?"

எனக்கு மூச்சு வாங்கியது. பேச வரவில்லை. கையை ஆட்டிவிட்டு ஓடினேன். மூச்சு வாங்கப் பேச முடியாமல் கையை ஆட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஊர்க்காரர் வீட்டில் ஒரு உயிர் போனால், அந்தச் சேதியை வெளியூர் உறவுக்காரர்களுக்குக் கொண்டுபோய்ச் சொல்வது காலனி ஆளின் வேலை. சேதிக்காரன் வழியில் உட்காரக்கூடாது, யாரோடும் பேசக்கூடாது. போய்ச் சேர்ந்த வீட்டில் தெருவில் நின்றபடியே சொல்ல வேண்டும். கூலியாகக் கொஞ்சம் தானியம், ஒரு துண்டு. எங்கள் ஊரில் அந்த வேலையைப் பார்த்தவர் என் அப்பா. திருமுக்கூடல், ஓரிக்கை, எங்கே உறவு இருந்தாலும் வெயிலானாலும் மழையானாலும் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். நான் மிஷன் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அண்ணனும் அவர் பின்னாலேயே ஓடியிருக்கிறார். அப்பாவுக்கு முழங்கால் போன பிறகு, அண்ணன் முதல் ஆளாக 'இனி முடியாது' என்றார். காலனியில் எல்லோரும் அப்படியே சொன்னார்கள். இப்போதெல்லாம் தந்திதான். ஆனால் ஊர்க்காரர்களின் கண்ணுக்குத் தந்தி பழகவில்லை. காலனிப் பக்கமிருந்து விடிகாலையில் தலைத்துண்டோடு ஒருவன் ஓடி வந்தால், அதுவும் அதே அப்பனின் முகஜாடையில் ஓடி வந்தால், யாரோ செத்துவிட்டார்கள்.

ஊருக்கெல்லாம் சாவு சொன்ன அந்த மனுஷனின் சாவை எனக்குச் சொல்ல யாரும் ஓடவில்லை. தந்தி கொடுத்தார்கள். அது என் கைக்கு வந்தபோது அடக்கமே முடிந்திருந்தது. இதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

4

அன்றைய ஓட்டத்தின் விளைவு சாயந்திரம்தான் முழுசாகத் தெரிந்தது. ஊர்த்தெருக் கடைசி வீட்டில் ஒரு கிழவி. திருப்புட்குழியில் அவளுடைய தம்பி ரொம்ப நாளாக உடம்பு சரியில்லாமல் கிடந்தார். நான் கையை ஆட்டிவிட்டு அந்த வீட்டைத் தாண்டியதும் அவள் தலைவிரி கோலமாக ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். அவள் மகன் முதல் பஸ்ஸைப் பிடித்தான். காஞ்சிபுரத்தில் இறங்கி ஆளுயர மாலை ஒன்று வாங்கினான். அந்த வேகம் பாசத்தினால் என்று யாரும் நம்பவில்லை. மாமாவுக்குப் பிள்ளை கிடையாது. அழுதுகொண்டே தெருவில் நுழைந்து, மாலையோடு வாசலில் போய் நின்றால், மாமா நாற்காலியில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருக்கிறார்.

"எப்போ பூடுவேன்னு மாலைய வாங்கி வெச்சிக்கினே குந்திக்கினு கீறீங்களாடா?" என்று அவர் கேட்டாராம். இனி அந்தப் பக்கம் ஒருவரும் படியேறக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

இங்கே கிழவிக்குச் சேதி வந்தது, தம்பி உயிரோடு இருக்கிறான் என்று. அவள் ஒப்பாரியை நிறுத்தவில்லை. "ஆரம்பிச்சிட்டேன், பாதில வுட்டா ஆவாது" என்று முடித்துவிட்டுத்தான் எழுந்தாளாம்.

காலனிப் பையன்களுக்குத் தீபாவளி. "அண்ணே, நாளிக்கி இன்னும் வேகமா ஓடுண்ணே" என்று உற்சாகப்படுத்தினார்கள். ஆனால் மணியக்காரர் கூப்பிடுவதாக ஆள் வந்தது. மணியம், கர்ணம் என்ற பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளையெல்லாம் அரசாங்கம் ஒழித்து நாலைந்து வருஷம் ஆகிறது. அந்த உத்தரவு எங்கள் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. பதவி போனாலும் மணியக்காரர் மணியக்காரர்தான்.

நானும் அண்ணனும் லதாவும் போனோம். மணியக்காரர் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குத் தர்மசங்கடம். இங்கிலாந்திலிருந்து வந்தவனை நிற்கவைத்துப் பேசுவதா? காலனிக்காரனுக்கு நாற்காலி போடுவதா? நல்ல மனுஷர், ஒரு வழி கண்டுபிடித்தார். தானும் எழுந்து நின்றுகொண்டார். 'டா' போடுவதா 'ங்க' போடுவதா என்பதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். என்னை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை.

"எப்போ வந்தாப்ல? ஒடம்பெல்லாம் சௌக்கியந்தானா?"

"சௌக்கியம் இல்லாததாலதான் ஓடறேன், மணியக்காரரே" என்றேன். என் அப்பா அவரைச் 'சாமி' என்பார்.

லதா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீ ஏன் நாற்காலி இருக்கும்போது நிக்கறே? உனக்கு முதுகு வலியா?" என்று அக்கறையாகக் கேட்டாள்.

அண்ணனின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த வாசலில் எங்கள் ஆட்கள் யாரும், எந்தக் காலத்திலும், அந்த மனுஷரை 'நீ' என்று சொன்னதில்லை. மணியக்காரர் திகைத்துப்போய், முதுகு வலி இல்லை என்று அவளுக்குப் பதிலே சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்குத் தமிழ் போய்விட்டதே என்று இங்கே நாங்கள் கூடும்போதெல்லாம் அழுகிறோம். அன்றைக்கு மட்டும் போனது நல்லதாகப் போயிற்று.

மணியக்காரர் விஷயத்துக்கு வந்தார். "ஏகாம்பரம், ஓட வேணாம்னு நான் சொல்லல. ரோடு சர்க்கார் ரோடு. ஆனா ஊரு பயந்துக்கினு கீது. வேறெங்கனா ஓடட்டும்."

"வேற எடம் இல்லீங்க. அவனுக்கு நெஞ்சுல கோளாறு. ஓடலன்னா வேல பூடும்" என்றார் அண்ணன்.

மணியக்காரர் தாடையைத் தடவினார். "அப்போ ஒண்ணு பண்ணட்டும். சாவு இல்ல, சாவு இல்லன்னு சொல்லிக்கினே ஓடட்டும். ஜனங்களுக்கு நிம்மதி."

மூச்சு வாங்க ஓடுகிறவன் எப்படிக் கத்துவது? லதா முன்வந்தாள். மறுநாளிலிருந்து பெரியப்பாவின் சைக்கிளில் அவள் முன்னே போனாள், நான் பின்னே ஓடினேன். வாய்க்காலைத் தாண்டியதும் மணியை அடித்துக்கொண்டே அவள் கத்துவாள். "யாரும் சாவல! எக்ஸர்சைஸ்! யாரும் சாவல! எக்ஸர்சைஸ்!" அந்த மாதத்தில் அவள் கற்றுக்கொண்ட, பிழையே இல்லாத தமிழ் வாக்கியம் அதுதான். கோலம் போடும் பெண்கள் நிமிராமலே கோலத்தை முடித்தார்கள். எனக்கு மூச்சு வாங்குவது நாளுக்கு நாள் குறைந்தது. கருமமும் நல்லபடியாக முடிந்தது. ஊர் திருந்திவிட்டது என்றுகூட நான் நினைத்துவிட்டேன்.

5

கடைசி வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாளின்படி அன்று நீண்ட ஓட்டம். பரீட்சைக்கு முன் இதைத் தவறவிடாதே என்று டாக்டர் அதற்குக் கீழே கோடு போட்டிருந்தார். ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மணியக்காரரின் மகன். முப்பது வயது இருக்கும். வாய்க்காலைத் தாண்டி எங்கள் வாசலுக்கு அவன் வந்தது அதுதான் முதல் தடவை என்று அண்ணி பிறகு சொன்னார்.

"பெரிப்பா பூட்டாரு" என்றான். "விடியக்காத்தால."

மணியக்காரரின் அண்ணன். எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. நல்ல வயது, நல்ல சாவு என்று ஏதோ சொன்னேன்.

"திருமுக்கூடல்ல எங்க அத்தைக்கு சொல்லணும். இன்னிக்கி ஞாயித்துக்கெழம, தந்தி ஆபீசு மூடிக்கீது." என் ஷூவைப் பார்த்தான். "எப்பிடியும் ஓடப்போறதுதானே? அப்பிடியே அந்தப் பக்கமா ஓடி ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துட்டா நல்லாயிருக்கும். அப்பா சொல்லி அனுப்பிச்சாரு."

கேட்கும்போது அவன் முகத்தில் கேலி இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு சௌகரியமான ஏற்பாடாகவே அவனுக்கு அது தோன்றியிருக்கிறது. ஓடுகிறவன் ஓடுகிறான், சேதி போக வேண்டும், இரண்டையும் சேர்த்தால் என்ன?

"உங்ககிட்ட வண்டி கீதே?" என்றேன்.

"துக்கத்துக்காரன் தன் வூட்டு சாவ தானே போயி சொல்றது மொறையில்ல."

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வலியா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது என்று தாளில் போடவில்லை. அந்த வண்டிச் சாவியை நீட்டி, 'ஓட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வா' என்று கேட்டிருந்தால், டிரைவர் புத்தி, போயிருந்தாலும் போயிருப்பேன். ஓடிப்போய்ச் சொல்லச் சொன்னான். அண்ணன் கையில் தண்ணீர்ப் பக்கெட்டோடு கிணற்றடியில் நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்க பெரிப்பா போனதுக்கு எனக்கு வருத்தந்தான். சாயந்திரம் அடக்கத்துக்கு வர்றேன்" என்றேன். "ஆனா டாக்டரு என் உசுருக்காகத்தான் ஓடச் சொல்லிக்கீறாரு. இன்னொருத்தர் சாவுக்காக ஓடச் சொல்லல. அது முடியாது."

அவன் வேறு யாராவது காலனியில் கிடைப்பார்களா என்பதுபோலத் தெருவைப் பார்த்தான். பையன்கள் வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவனும் அசையவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

லதா சைக்கிளை எடுத்தாள். "அப்பா, இன்னைக்கு யாரும் சாவலன்னு சொல்ல முடியாதே. இன்னைக்கு என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லாத" என்றேன்.

வாய்க்காலைத் தாண்டினோம். மணியக்காரர் வீட்டு வாசலில் பந்தலுக்குக் கழி நட்டுக்கொண்டிருந்தார்கள். தெரு நிறைய ஆட்கள். தலையிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன், அது மரியாதைக்கு. ஷூவைக் கழற்றவில்லை. ஓட்டத்தை நடையாக்கவும் இல்லை. நான் நெருங்க நெருங்கப் பேச்சு அடங்கியது. ஒருவரும் என்னை நிறுத்தவில்லை. யார் செத்தது, எந்த ஊர்ச் சேதி என்று யாரும் கேட்கவில்லை. மணியக்காரர் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. கால் மட்டும் நிற்கவில்லை.

பெரிய ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம். மணியக்காரர் மகன். என்னைத் தாண்டித் திருமுக்கூடல் பக்கமாகப் போனான். தன் வீட்டுச் சாவைத் தானே சொல்ல. தாண்டும்போது ஹாரன் அடித்தான். கோபமா, விலகு என்றா, தெரியாது. நான் ஓரமாக ஒதுங்கி வழி விட்டேன். பஸ் டிரைவர்கள் அப்படித்தான்.

6

இங்கே வந்து பட்டையின் மேல் ஏறினேன். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டினார்கள். பட்டை வேகம் பிடிக்கப் பிடிக்க நானும் பிடித்தேன். தேறிவிட்டேன். டாக்டர் கையைக் குலுக்கி, "நான் சொல்லவில்லையா? எல்லாம் கிராமத்துக் காற்று!" என்றார். ஆமாம் என்றேன். அந்தக் காற்றைப் பற்றி விளக்க அவருடைய சந்திப்பு நேரம் போதாது. லைசென்ஸ் அலுவலகம் மூன்று படிவங்களைப் பூர்த்தி செய்யச் சொல்லிவிட்டு, என் இருதயத்தைப் பற்றித் தன் வசமிருந்த தகவலை வாபஸ் வாங்கிக்கொண்டது. குடைகளுக்கு வேறு காவல்காரன் கிடைத்துவிட்டான். நான் மறுபடி முன் ஸீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். மாலையில் வந்து ஸ்கிப்பிங்கும் ஆடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் ஆடுவதுதான் கீழ்வீட்டு அம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார். ஊரில் தனியாகவா ஓடினாய், துணைக்கு யாராவது உண்டா என்று. மகள் சைக்கிளில் வந்தாள் என்று மட்டும் சொன்னேன். கடைசி நாள் காலையை அவரிடம் சொல்லவில்லை.

அன்று மெட்ராஸுக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு முன் ஒரு சின்ன ஓட்டம் ஓடிவிடலாம் என்று எழுந்தேன். வாசலில் அண்ணன் நின்றிருந்தார். ஆபீஸில் கொடுத்த காக்கி அரைக்கால் சட்டை, வெறுங்கால். "நானும் வர்றேன், வா" என்றார். ஐம்பதைத் தாண்டியவர். காரணம் கேட்டேன். "சும்மா" என்றார்.

ஓடினோம். ஊர்த்தெருவில் அவர் ஒரு பக்கமும் திரும்பவில்லை. பெரிய ரோட்டுப் புளியமரம்வரை ஓடிவிட்டு முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றார். அழுகிறாரோ என்று பயந்துபோய் அருகில் போனேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். நிமிர்ந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்குத்தான் அழுகை வந்தது.

"இந்த ரோட்ல அப்பாவோட எத்தினி தபா ஓடிக்கீறேன். ஒரு தபாகூட வாய தெறந்து பேசிக்கினு ஓடனதில்ல" என்றார். "சேதி ஒண்ணும் இல்லாம ஓடனா காலு எம்மா லேசா கீதுடா, கன்னியப்பா."

வீட்டிலிருந்து லதா நேரமாகிறது என்று சைக்கிளில் வந்து கத்தினாள். அண்ணன் அவளைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இன்னொரு தபா ஓடலாமா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் ஓட ஆரம்பித்துவிட்டார்.